மேலே தூவாமல் ஒரு தட்டு

அன்புள்ள சீனு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோலில்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாததா?

'ஜனவரியில் எவனாவது லித்துவேனியா போவானா, அதுவும் கறி மீன் தொடாதவன்?' என்று கேட்டிருந்தாய். வேண்டுமென்றேதான் போனேன். கூட்டமில்லை, அறை வாடகை மலிவு. அதைவிட, அந்த ஊர்ச் சமையலே குளிர்காலத்துக்கென்று பிறந்த சமையல். ரை (கோதுமைக்கு உறவான தானியம்) மாவு, உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ், உலர்ந்த காளான், பால், புளித்த பாலேடு என்று நிலவறையிலும் தொழுவத்திலும் கிடைப்பதை வைத்தே பனிக்காலத்தைத் தாண்டிய மக்கள். மெனுவைப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் பன்றி. ஆனால் பாதித் தட்டுகளில் அது மேலே தூவும் அலங்காரம்தான்.

தலைநகர் வில்னியஸில் அதைப் புரிந்துகொண்டேன். அங்கே செப்பெலினாய் என்று ஒன்று. உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, உள்ளே பூரணம் வைத்து, நீளவாக்கில் உருட்டி வேகவைப்பது. செப்பெலின் ஆகாயக் கப்பலின் வடிவம் என்பதால் அந்தப் பெயர். பூரணம் பெரும்பாலும் இறைச்சி. பால்கட்டி வைத்ததும் உண்டு. பால்கட்டியைக் கேட்டாலும் பொரித்த பன்றிக்கொழுப்பைத் தாராளமாகத் தூவிக் கொண்டுவந்துவிடுவார்கள். 'சைவம்' என்றால் போதாது, 'மேலே எதுவும் தூவாதீர்கள்' என்று தனியாகச் சொல்லவேண்டும். சொன்னேன். பரிமாறிய அம்மாள் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, புளித்த பாலேட்டை இரண்டு பங்கு ஊற்றிவிட்டுப் போனார். ஒன்று தின்றாலே மறுவேளை பசிக்காது. வெளியே மைனஸ் எட்டு டிகிரி.

நான் இருந்தபோது ஜனவரி 13 வந்தது. 1991-இல் அந்த நாளில் சோவியத் படை தொலைக்காட்சிக் கோபுரத்தைக் கைப்பற்ற வந்தபோது நிராயுதபாணிகளாக நின்ற மக்களில் 14 பேர் உயிரிழந்தார்கள். முந்தின இரவே நாடாளுமன்றத்தருகே தீ மூட்டிச் சுற்றி நிற்கிறார்கள். காலை எட்டு மணிக்கு, விடிந்தும் விடியாத இருட்டில், ஜன்னல்களில் மெழுகுவத்தி. கோட்டில் சின்ன நீலப்பூ பேட்ஜ். பேச்சு, கோஷம் எதையும் தெருவில் கேட்கவில்லை. கதீட்ரல் சதுக்கத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1989 ஆகஸ்ட் 23 அன்று வில்னியஸிலிருந்து லாட்வியாவின் ரிகா வழியாக எஸ்தோனியாவின் தாலின் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் ஏறத்தாழ 20 லட்சம் பேர் சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலை கேட்டுக் கைகோத்து நின்றதன் நினைவு. அதே மூன்று ஊருக்குத்தான் நான் பஸ்ஸில் போனேன். எல்லையில் வண்டி நிற்கக்கூட இல்லை.

ரிகாவில் உனக்குப் பிடித்திருக்கக்கூடிய இடம் மத்தியச் சந்தை. 1930-இல் திறந்தது. முதல் உலகப்போர்க் கால ஜெர்மன் ஆகாயக் கப்பல் கொட்டகைகளின் பாகங்களைக் கொண்டு கட்டிய ஐந்து கூடங்கள். வில்னியஸில் தட்டில் வந்த செப்பெலினுக்கு இங்கே வீடே இருக்கிறது! ஊறுகாய்ப் பகுதியை விட்டு நான் நகரவேயில்லை. புளிக்கவைத்த முட்டைக்கோஸ், வெள்ளரி, பூண்டு என்று வாளி வாளியாக. தயங்கி நின்றால் ஒரு துண்டு நீட்டுகிறார்கள். ரை மாவுக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் அடுக்கிச் சுட்ட ஸ்க்லாந்த்ரௌசிஸ் என்ற பலகாரம், லேசான இனிப்பு. பலகாரத்தில் கலந்த முட்டையை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், அதனால் பிரச்சினை இல்லை. சூப்தான் ஆபத்து. ஒரு கடையில் 'காய்கறி சூப்' என்று கொடுத்ததில் எலும்புச்சாறு. காய்கறியும் இருக்கிறதே என்றார்கள், பொய் சொல்லவில்லை.

ஆர்ட் நூவோ என்ற, வளைகோடும் சிற்பமுமாக இழைத்த அலங்காரப் பாணிக் கட்டடங்களின் படங்கள் தனியாக அனுப்புகிறேன். ஆல்பெர்ட்டா தெருவில் பல வீடுகளை வடிவமைத்தவர் மிகையீல் ஐசன்ஸ்டைன். பிலிம் சொசைட்டி நாட்களில் நீ தலையில் தூக்கிவைத்து ஆடினாயே, அந்தத் திரைப்பட இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைனின் அப்பா. மகன் பிறந்ததும் ரிகாவில்தான், 1898-இல்.

தாலினில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டில் நடப்பவர்கள் ஒளியைத் திருப்பிக் காட்டும் ரிஃப்ளெக்டர் மாட்டியிருக்கவேண்டும் என்பது எஸ்தோனியச் சட்டம். கோட்டுப் பையிலிருந்து தொங்கும் அந்தச் சின்ன வில்லைகள் தெருவெல்லாம் மின்னிக்கொண்டு போகின்றன. பழைய நகரில் 'வி' என்ற வீகன் (பால், முட்டைகூடச் சேர்க்காத) உணவகம் பேர்பெற்றது. சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் அதுபோன்ற தட்டு பெர்லினிலும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது காமா: வறுத்த பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி மாவுகளின் கலவை, நம் சத்துமாவேதான். புளித்த பாலில் கரைத்துக் குடிக்கிறார்கள். கடையில் ஒரு பொட்டலம் வாங்கி விடுதி அறையில் வைத்துக்கொண்டேன், காலை உணவுக் கவலை தீர்ந்தது. ஏலக்காய் மணக்கும் கிரீம் பன்னும் ஜனவரியிலேயே கடைக்கு வந்துவிடுகிறது. ஈஸ்டருக்கு முன் வரும் கிறிஸ்தவ நோன்பு தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக்கானது அது, யாரும் அதுவரை காத்திருப்பதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அடுத்த ஜனவரிக்கு டிக்கெட் போடாதே. நடைபாதையெல்லாம் கண்ணாடிப் பனி. உன் முழங்காலுக்கு ஆகாது. மே மாதக் கடைசியில் வா, நானும் சேர்ந்துகொள்கிறேன். அப்போது பீட்ரூட்டும் புளித்த பாலும் சேர்த்த ரோஸ் நிறக் குளிர் சூப்பின் காலம். சுடச்சுட உருளைக்கிழங்கு கூடவே வரும். முட்டையைப் போடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், மீனாவின் மாற்றல் உத்தரவு என்னாயிற்று? மதுரைதானா, இல்லை மறுபடியும் இழுத்தடிக்கிறார்களா? அதை எழுதாமலேயே கடிதத்தை முடித்துவிட்டாய்.

அன்புடன்,
ராகவன்