கொசுவலை எண்ணும் மகளுக்கு

ராயபுரம், சென்னை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியதிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. உன்னோடு ராணுவ அதிகாரிப் பயிற்சி முடித்தவர்கள் ரோந்துக்குப் போகும்போது, உனக்கு மட்டும் கொசுவலைகளை எண்ணுவது, தண்ணீர்த் தொட்டிகளைப் பார்வையிடுவது, கழிப்பறைக் குழிக்கும் சமையற்கூடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது என்று ஒரு பொறுப்பைத் தந்திருக்கிறார்கள் என்றாய். "இதற்காகவா அப்பா பரங்கிமலையில் அத்தனை மாதம் ஓடினேன்?" என்று கேட்டாய். யாரோ உன்னைக் கூப்பிட, பேச்சு பாதியில் நின்றது. மாநகராட்சியின் மலேரியா பிரிவில் 31 ஆண்டுகள் ஏணி ஏறி இறங்கியவன் நான். ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். தொலைபேசியில் அது சரியாக வராது, எழுதினால்தான் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு கன்னிமாரா நூலகத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன் அல்லவா? அங்கே நான் பெரும்பாலும் படித்தது போர்களின் வரலாற்றைத்தான். படையில்தான் சேருவேன் என்று நீ பிடிவாதமாக நின்ற ஆண்டில் தொடங்கிய பழக்கம் அது. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்வரை ஏறத்தாழ எல்லாப் பெரிய போர்களிலும், வாளும் குண்டும் கொன்ற வீரர்களைக் காட்டிலும் காய்ச்சலும் பேதியும் கொன்ற வீரர்களே அதிகம் என்பது படிக்கப் படிக்க எனக்கு விளங்கியது. 1809-இல் நெதர்லாந்தின் வால்செரன் தீவில் இறங்கிய சுமார் 40,000 பிரிட்டிஷ் வீரர்களில் சண்டையில் மாண்டவர்கள் 106 பேர். காய்ச்சலில் மாண்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நோயால் இறந்தவர்கள்.

நெப்போலியனை ரஷ்யாவின் குளிர் தோற்கடித்தது என்று நாம் இருவருமே பள்ளியில் படித்தோம். அது முழு உண்மை அல்ல. 1812-இன் கோடையில், அந்தப் படை போலந்தையும் லித்துவேனியாவையும் கடந்துகொண்டிருந்தபோதே டைஃபஸ் என்ற கொடிய காய்ச்சலும் சீதபேதியும் அதை அரிக்கத் தொடங்கிவிட்டன. டைஃபஸைப் பரப்புவது சீலைப்பேன். மாற்றுத் துணி இல்லாமல், குளிக்க வழியில்லாமல், ஒருவரையொருவர் ஒட்டிப் படுத்துறங்கும் மனிதர்களின் உடுப்புத் தையல்களில் அது குடியிருக்கும். 2001-இல் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் மண்ணைத் தோண்டியபோது, பின்வாங்கி வந்த அந்தப் படையின் வீரர்கள் ஆயிரக்கணக்கில் புதைக்கப்பட்ட குழி ஒன்று வெளிப்பட்டது. எலும்புகளோடு கிடந்த மண்ணில் சீலைப்பேன்களின் எச்சங்களும், சிலருடைய பற்களுக்குள் டைஃபஸ் கிருமியின் மரபணுத் தடயமும் கிடைத்தன. பேன்தான் காரணம் என்பதை பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் நிக்கோல் 1909-இல் கண்டறிந்தார். அந்தக் குழியில் கிடந்தவர்களுக்கு அது தொண்ணூற்றேழு ஆண்டு தாமதம்.

நம் ஊருக்கு வருகிறேன். தீவுத்திடலருகே அங்கவடி இல்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவின் சிலையைச் சிறு வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். அவர் மதராஸின் ஆளுநராக இருந்தபோதுதான், 1824-இல், முதல் பர்மியப் போருக்கு இங்கிருந்து கப்பல்களில் பட்டாளம் போனது. மே மாதம் ரங்கூனில் இறங்கினார்கள். பர்மியர்கள் ஊரைக் காலி செய்து, தானியத்தையும் மாடுகளையும் படகுகளையும் அப்புறப்படுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அதோடு மழைக்காலமும் தொடங்கிவிட்டது. உப்புக்கண்டத்தையும் கெட்டுப்போன ரொட்டியையும் தின்றுகொண்டு, சேற்றுக்கு நடுவே மாதக்கணக்கில் நகர முடியாமல் கிடந்த படையைக் காய்ச்சலும் சீதபேதியும் பிடித்தன. இரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் போரில் ஈடுபட்ட சுமார் 40,000 பேரில் 15,000 பேர் இறந்ததாகக் கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயால் போனவர்கள். எந்த மாதத்தில் மழை வரும், அங்கே தண்ணீர் எப்படி இருக்கும், நோயாளியை எங்கே கிடத்துவது என்று முன்கூட்டியே கேட்டறிந்து ஏற்பாடு செய்யப் போதிய ஆள் இல்லாமல் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இளமையில் ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் எதிரான போர்களில் உயிர் தப்பிய மன்றோவே 1827 ஜூலையில், பத்திகொண்டா என்ற ஊரில், காலராவில் ஒரே நாளில் இறந்துபோனார். பேருந்தில் அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் ரங்கூன் சேற்றில் கிடந்த, பெயர் தெரியாத நம் சிப்பாய்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு கணக்கெடுப்பு வந்தது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863-இல் வெளியான விசாரணைக் குழு அறிக்கை சொன்னது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், முகாம்களிலிருந்து வரவழைத்த விவரப் படிவங்களை வைத்துக்கொண்டே, காரணம் நம் வெயில் அல்ல, குடிதண்ணீரும் சாக்கடையும் நெரிசலான பாளையங்களும்தான் என்று வாதாடி நிறுவினார். அந்தப் படிவங்களை ஒவ்வொரு முகாமிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரப்பியிருக்க வேண்டும் அல்லவா? உன் கையில் இருக்கும் பதிவேடு அந்த வகையைச் சேர்ந்தது.

இனி நான் சொல்லப்போவது நம் மக்களின் கதை. எழுதும்போதே மனம் கனக்கிறது. 1942-43-இல் ஜப்பானியர்கள் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதில் வேலை செய்தவர்களில் ஒரு சாரார் போர்க் கைதிகள். மற்றொரு சாரார் மலேயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1943-இன் மழைக்காலத்தில் அந்தக் காட்டு முகாம்களில் காலரா பரவியது. காடு, மழை, காவலர்களின் கொடுமை, அரைவயிற்றுக் கஞ்சி ஆகியவை இரு சாராருக்கும் பொதுவாகவே இருந்தன. ஆனால் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்க, தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. கைதிகளிடம் அவர்களுடைய ராணுவ மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். மருந்து கிடையாது என்றாலும், கொதிக்கவைக்காத தண்ணீரை யாரும் வாயில் வைக்கக் கூடாது, உண்பதற்கு முன் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும், நோயாளியைத் தனியே கிடத்த வேண்டும், குழியை ஆழமாக வெட்ட வேண்டும் என்று கட்டளையிட ஒருவரும் அதற்குக் கட்டுப்படப் பத்துப் பேரும் அவர்களிடையே இருந்தார்கள். நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. மனைவி மக்களோடு போனவர்களும் உண்டு. குடும்பம் குடும்பமாக ஆற்றுத் தண்ணீரைக் குடித்து மாண்டார்கள். அவர்களிடையே கொதிநீர் அண்டாவைக் காவல் காக்க உன்னைப் போல ஒருத்தி இருந்திருந்தால் எத்தனை பேர் மலேயாவுக்குத் திரும்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அதே ஆண்டில், நீ இருக்கும் மலைகளில் (இடத்தின் பெயரை நான் எழுதவில்லை) இன்னொரு படை நோயில் மூழ்கிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம் 1943-இல் பொறுப்பேற்ற 14-ஆவது ராணுவத்தில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர் பொறுப்பேற்றபோது, காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர் இருந்தார்கள். மலேரியா, சீதபேதி, தோல் நோய், புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்று எல்லாமும் சேர்ந்து படையைக் கரைத்துக்கொண்டிருந்தன. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவும் போதிய அளவு இல்லை. உலகின் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கைத் தந்துகொண்டிருந்த ஜாவா 1942-இல் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. 1860-களில் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்ட, கொய்னா தரும் சின்கோனா மரங்களின் பட்டை அத்தனை பெரிய படைக்குப் போதாது. (வால்பாறைக்குப் போனபோது சின்கோனா என்று ஓர் ஊரின் பெயரைப் பார்த்து நீ வியந்தாய், அது இந்த மரத்தின் பெயர்தான்.) ஆகவே மெப்பாகிரின் என்ற மஞ்சள் மாத்திரையைக் கொடுத்தார்கள். அது தோலையும் மஞ்சளாக்கும். ஆண்மையைக் கெடுக்கும் என்று வதந்தியும் பரவியதால், வீரர்கள் வாயில் போட்டுக்கொள்வதுபோலக் காட்டித் துப்பிவிட்டார்கள்.

ஸ்லிம் செய்த காரியத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். நோயாளிகளை நெடுந்தொலைவு இந்தியாவுக்குள் அனுப்பாமல், போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே மலேரியா சிகிச்சை முகாம்களை அமைத்தார். மாதக்கணக்கில் படையை விட்டு விலகியிருக்க வேண்டியவன் சில வாரங்களில் திரும்பினான். அதைவிட முக்கியமாக, நோயைத் தடுப்பதில் பாதிக்கும் மேற்பட்ட வேலை மருத்துவருடையதல்ல, படைப்பிரிவின் அதிகாரிகளுடையது என்று அவர் முடிவுகட்டினார். பொழுது சாய்ந்தபின் சட்டைக் கையை மடித்துவிடக் கூடாது, அரைக்கால் சட்டை கூடாது, மாத்திரையை அதிகாரியின் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்று ஆணையிட்டார். திடீரென்று ஒரு பிரிவு முழுவதையும் சோதிப்பார்கள். 100-க்கு 95 பேர் மாத்திரை உட்கொண்டதாகத் தெரியாவிட்டால் அந்தப் பிரிவின் தலைவர் பதவியை இழப்பார். மூன்று பேரை நீக்கியதுமே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1945-இல் நோய்ப்படுவோர் எண்ணிக்கை நாளொன்றுக்கு 1,000-க்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. துப்பாக்கிச் சத்தம் கேட்காத இடத்தில், சாயங்கால வேளையில், சட்டைக் கைகளைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நடந்துபோன இளம் அதிகாரிகள் சாதித்தது அது.

எதிர்த்தரப்பில், இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி வந்த ஜப்பானியப் படைக்கு உணவும் மருந்தும் வந்து சேரவில்லை. அவர்கள் பின்வாங்கிய பாதை முழுவதும் பசியிலும் மலேரியாவிலும் சீதபேதியிலும் விழுந்தவர்களால் நிறைந்திருந்தது. அவர்களோடு வந்த நேதாஜியின் படையிலும் மலேயாத் தமிழர்கள் ஏராளம். அவர்களும் அதே காய்ச்சலில் அதே மழையில் மடிந்தார்கள். அந்தப் படையின் மகளிர் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி, இதே ஊரின் மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்றவர். பரங்கிமலையில் உன் தோளில் நட்சத்திரத்தைக் குத்திய அன்று உன் அம்மா அவருடைய பெயரைத்தான் சொன்னாள், உனக்கு நினைவிருக்கும்.

முகாமுக்குக் கீழே கிராமம் இருக்கிறது என்றாய். அதையும் உன் பதிவேட்டில் சேர்த்துக்கொள். 1918-இல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய படைவீரர்களிடமிருந்து பரவிய இன்ஃபுளுயன்சா என்ற விஷக்காய்ச்சல், ரயிலேறி நாடெங்கும் போய், இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. முகாமிலிருந்து வழியும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதை நடந்து பார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உன் அம்மாவிடம்கூட விரிவாகச் சொன்னதில்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக் கிணற்றை நான் தொடர்ந்து மூன்று வாரம் பார்க்கவில்லை. வீடு பூட்டியிருந்தது, "பூட்டு" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அண்டை வீட்டாரிடம் கேட்டிருந்தால் மாடி வழியாகப் போயிருக்கலாம். நான்காம் வாரம் அந்தத் தெருவில் 11 பேரின் ரத்தப் பரிசோதனையில் மலேரியா என்று வந்தது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று பத்து நாள் கண்விழிக்காமல் கிடந்து பிழைத்தது. கிணற்றைத் திறந்து பார்த்தபோது தண்ணீரின் மேற்பரப்பு முழுவதும் கொசுப்புழு. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரு பூட்டைக்கூட நான் அப்படியே விட்டுவிட்டு வந்ததில்லை.

இங்கே நாங்கள் தேடியது கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடும் கொசுவை. உன் பகுதியில் மலேரியாவைப் பரப்பும் கொசு மெல்ல ஓடும் தெளிந்த ஓடையின் புல்லடர்ந்த விளிம்பிலும், காட்டுக்குள் நிழலில் தேங்கிய குட்டையிலும் வளர்வது. ஆகவே தொட்டிகளோடு நின்றுவிடாதே. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ போதும் என்பதால், எந்த இடத்தையும் ஏழு நாளுக்கு மேல் பாராமல் விடக் கூடாது. உன் நிழல் தண்ணீரில் விழாதபடி நில். நிழல் விழுந்தால் புழுக்கள் அடியில் போய்விடும், மேலே வரும்வரை ஓரிரு நிமிடம் காத்திரு. நீர்மட்டத்தோடு படுத்தவாக்கில் மிதந்தால் அது மலேரியாக் கொசுவின் புழு. தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் வேறு இனம்.

நான் பயன்படுத்திய வெள்ளை எனாமல் அகப்பையை உன் அம்மா துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். வெள்ளைப் பின்னணியில்தான் புழு கண்ணுக்குத் தெரியும். பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. பாரிமுனையில் கொடுத்துப் பற்றவைத்து வாங்கிவந்தேன். நாளைக்குத் தபாலில் அனுப்புகிறேன். கிடைத்ததும் முதலில் எந்த ஓடையில் முக்கினாய், எத்தனை புழு வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா