உம் கொட்டிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கும், சுற்றுப்பட்டியிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் வணக்கம்.

பங்குனி முதல் சனிக்கிழமையில் ஆரம்பித்த கதைக்கூட்டம் போன சனிக்கிழமையோடு இந்த வருசத்துக்கு நிறைவு பெற்றது. நடுவில் அம்மன் கொடைக்காக ஒரு வாரம் விட்டோம். மற்றபடி 12 சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு மந்தை வேப்பமரத்தடியில் கூடினோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, மானாவாரிக் கரிசலை நம்பிப் பிழைக்கிற ஊர் நம்முடையது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை மாசியில் உளுந்தும் சோளமும் வீடு வந்து சேர்ந்துவிட்டால் அடுத்த மழை வரைக்கும் காட்டில் பெரிய சோலி கிடையாது. அந்த மாதங்களில்தான் முன்னெல்லாம் கதை நடக்கும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதைத் திரும்ப நடத்திப் பார்க்கலாமே என்று ஐந்து பேர் சேர்ந்தோம். ஐந்து பேரால் ஆகிற காரியம் இல்லை இது. யார் யாரால் ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மைக் செட் அண்ணனுக்கு. முதல் வாரம் வாடகை வாங்காமல் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கொடுத்தார். கதை சொல்ல உட்கார்ந்த தாத்தா நாலு வரி சொல்வார், நிறுத்துவார், "கேக்கீகளா?" என்பார். மறுபடி நாலு வரி, மறுபடி "கேக்கீகளா?". எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன்தான் கண்டுபிடித்தார். "அவருக்கு உம் கொட்டுற சத்தம் கேக்கலை தம்பி. அவரு சத்தமே ஸ்பீக்கர்ல திரும்பி வந்து அதை அமுக்கிருது" என்று சொல்லிவிட்டு, கட்டின வயரை அவரே கழற்றினார். எல்லோரையும் நெருங்கி வந்து உட்காரச் சொன்னார். தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார், அப்புறம் நிறுத்தவே இல்லை. மைக் போடுவதே பிழைப்பாக இருக்கிற ஒருவருக்கு, இந்த இடத்தில் மைக் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அந்த ஒரு காரியம்தான் மிச்சம் 11 வாரத்தையும் காப்பாற்றிக் கொடுத்தது.

அடுத்து, ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையனுக்கு. உம் கொட்ட ஆள் இல்லாமல் நம் பக்கத்தில் யாரும் கதை சொல்ல மாட்டார்கள். இரண்டாவது வாரம் "யாரு உம் கொட்டப் போறது?" என்று கேட்டபோது கையைத் தூக்கினான். அன்றிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறவில்லை. சோகமான இடத்தில் மெதுவாக, சண்டை வந்தால் வேகமாக, பேய் வந்தால் பாதி மூச்சில் என்று அவன் "ம்" போட்ட விதத்தை வைத்தே கதை எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். தம்பி, உனக்குப் பெரியவர்கள் எல்லோர் சார்பாகவும் நன்றி.

கீழத்தெரு ஆச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை கதை சொன்னார். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது எல்லோருக்கும் தெரியும். ஆச்சி சொன்னது அதற்கு அப்புறம் நடந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை, இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டி எழுப்புகிறார். 1801 மே மாதம் கோட்டை விழுகிறது. காயம்பட்டுக் கிடக்கிறார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், மகன் சொன்னதைக் கேட்டு, மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு வீடு சேர்கிறாள். தேடிக்கொண்டு படை வருகிறது. பெண்கள் வெள்ளைத் துணியைப் போர்த்திச் சுற்றி உட்கார்ந்து, பிள்ளை அம்மையில் செத்துப்போனான் என்று ஓலமிடுகிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் கிட்டே வராமல் திரும்பிவிடுகிறார்கள்.

அந்த இடம் வந்ததும் ஆச்சி தோளில் கிடந்த துண்டை உதறித் தரையில் விரித்தார். குனிந்து அதன் ஓரத்தை இழுத்துவிட்டார், தூங்குகிற பிள்ளைக்குச் சரிசெய்வது மாதிரி. தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி வைத்தார். மேலத்தெருவிலிருந்து இரண்டு பெண்கள் யாரோ தவறிவிட்டார்கள் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்த வேகத்தில் கதை என்று தெரிந்தும் திரும்பிப் போகவில்லை, ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதார்கள். அந்த இரண்டு அக்காமாருக்கும் நன்றி. பிறகு நம் பள்ளிக்கூடத்து வரலாற்று வாத்தியார் ஒரு செய்தி சொன்னார். அந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் இந்த அம்மை விஷயத்தை எழுதி வைத்திருக்கிறாராம். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பாட்டி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். 200 வருசத்துக்கு மேலாக உம் கொட்டிக் கேட்டவர்கள் வழியாகவே அது அவர் கைக்கு வந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தீப்பெட்டி ஆபீஸ் அக்காக்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சாயங்காலம் பேசினார்கள். "எங்க கதையெல்லாம் ஒரு கதையா?" என்று முதலில் தயங்கினார்கள். எட்டு வயதில், விடியுமுன்னே வருகிற வண்டியில் அரைத் தூக்கத்தில் ஏற்றிவிடப்பட்டதையும், கட்டையில் குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனி மரத்துப்போனதையும் சொன்னார்கள். ஒருத்தர் பேசிக்கொண்டே, கையில் ஒன்றுமில்லாமலே குச்சி அடுக்கிக் காட்டினார். விரல்கள் அந்த வேகத்தை இன்னும் மறக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். அன்று உம் கொட்டக்கூட யாருக்கும் வாய் வரவில்லை. துணிந்து சொன்னதற்கு நன்றி, அக்கா.

ஆட்டுக்கிடை போட வந்திருந்த கீதாரி அண்ணன், ஒரு வாரம் கரண்ட் போனபோது எங்கள் மானத்தைக் காப்பாற்றினார். டார்ச்சை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, மேற்கே ஆறாமீன் என்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டி, அது இறங்குவதை வைத்து ராத்திரி நேரத்தைக் கணக்குப் பார்ப்பது எப்படி என்று சொன்னார். அன்றைக்கு வரவேண்டிய கதைக்காரர் வரவில்லை என்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த வில்லுப்பாட்டு ஐயா, பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு முத்துப்பட்டன் கதையைப் பாடினார். இரண்டு சக்கிலியப் பெண்களைக் கட்டிக்கொள்வதற்காகப் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட பிராமணன் அவன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் இன்றும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. பாடி முடித்து ஐயா வீசுகோலைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். வரிசையாக நின்று வில்லின் மணியைக் குலுங்க வைத்தார்கள். கலைய மனமில்லாமல் பத்தரை மணி ஆனது.

சித்திரையில் கோடைமழை கொட்டிய அன்று பள்ளிக்கூட வராண்டாவைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மாவுக்கு நன்றி. கரிசல் சேற்றில் வண்டி இறங்காது என்று தெரிந்ததும் நொண்டித் தாத்தாவை முதுகில் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு இளவட்டங்களுக்கும் நன்றி. மறுநாள் அந்த வராண்டாவைக் கழுவிவிட்ட அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி, அந்தச் சேறு லேசில் போகாது. ஒவ்வொரு வாரமும் கருப்பட்டி போட்டுச் சுக்குக்காபி கொடுத்த டீக்கடைக்காரருக்கும், ஜமக்காளம் கொடுத்த வீடுகளுக்கும், பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிவந்த சென்னைத் தம்பிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் சொன்னதால்தான் யார் பெயரையும் எழுதவில்லை.

அடுத்த வருசம் அறுப்பு முடிந்ததும் மறுபடி கூடுவோம். முதல் வாரம் ஆச்சிதான். ஊமைத்துரை கண் விழித்த இடத்தோடு நிறுத்திவிட்டு, "மிச்சத்துக்கு நான் இருக்கணும்லா" என்று எழுந்து போயிருக்கிறார்.

கடைசி வாரம் யாரோ அவித்த பயறு கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளி எங்களிடம் தங்கிவிட்டது. மூடியில் புள்ளி வைத்து மாரியம்மாள் என்று வெட்டியிருக்கிறது. நம் ஊரில் மாரியம்மாள்கள் ஏராளம் என்பதால் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உங்களுடையது என்றால் டீக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், கழுவித்தான் வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
கதைக்கூட்டம் நடத்திய ஐந்து பேர்