கட்டியை எடுக்காமல் விடுவது பற்றி

அன்புள்ள கோமதிக்கு,

ஆறு சுற்று கீமோவுக்குப் பிறகு வசந்தாவின் மார்பகப் புற்றுநோய்க் கட்டி எலுமிச்சம்பழ அளவிலிருந்து கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று படித்தபோது ஏற்பட்ட நிம்மதி, அடுத்த வரியிலேயே போய்விட்டது. "இவ்வளவு சுருங்கியும் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் டாக்டர், கைவிட்டுவிட்டார் என்றுதானே பொருள்?" என்று கேட்டிருக்கிறாய். என் அக்காவுக்காக நானும் இதே கேள்வியைக் கேட்டு, டாக்டரிடம் கோபித்துக்கொண்டவள்தான்.

உன் பக்கத்து வீட்டம்மாவுக்கு எடுத்தார்களே என்கிறாய். அவருக்கு நோய் மார்பையும் அக்குளையும் தாண்டவில்லை. அந்த நிலையில் கீமோவில் கட்டி கரைந்தே போனாலும் அறுவையும், பெரும்பாலும் கதிர்வீச்சும் தேவை. வசந்தாவுக்கோ தொடக்கத்திலேயே முதுகெலும்பில் பரவியிருந்தது. வேரை வெட்டினால் மரம் பட்டுப்போகும் என்று நாமெல்லாம் நினைக்கிறோம், ஆனால் இங்கே விதை முன்பே விழுந்து முளைத்துவிட்டது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதையே சோதித்தார்கள். முதலிலேயே பரவியிருந்து, கீமோவில் குணம் தெரிந்த 350 பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மார்பிலும் அக்குளிலும் அறுவை செய்து கதிர்வீச்சும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அவை இல்லை. 2015இல் வெளியான முடிவில், இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் உயிரோடிருந்த காலம், அறுவை செய்தவர்களுக்கு 19.2 மாதம், செய்யாதவர்களுக்கு 20.5 மாதம். 2022இல் வந்த அமெரிக்க ஆய்விலும் மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் இரு பக்கமும் நூற்றுக்கு 68 பேர்தான். துருக்கி ஆய்வு ஒன்று அறுவையால் ஆயுள் கூடியதாகச் சொல்கிறது. ஆனால் அங்கே மருந்துக்கு முன்பே கத்தி வைத்தார்கள், இரு குழுக்களின் நோய்த்தன்மையும் ஒத்திருக்கவில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டுக்குள் மார்புப் பகுதியில் நோய் முற்றியது அறுவை செய்தவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு, செய்யாதவர்களில் நாற்பது பேருக்கு. என் அக்காவின் கதையும் அந்த நாற்பது பேருடையதைப் போலத்தான். பதினான்கு மாதம் அடங்கிக் கிடந்த கட்டி ஒரு மழைக்காலத்தில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நாற்றத்தை அடக்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவேன். துணியை மாற்றும்போதெல்லாம் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள், வலியால் அல்ல, நாற்றத்துக்குக் கூச்சப்பட்டு. அப்போது அறுவை செய்தார்கள். ஆயுளுக்காக அல்ல என்று சர்ஜன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவள் போகும்வரை அந்த இடம் ஆறியே இருந்தது.

ஆகவே, இப்போது வேண்டாம் என்பது எப்போதுமே இல்லை என்று ஆகாது. இன்று அறுவை செய்தால் காயம் ஆறும்வரை வசந்தாவின் மருந்து தடைப்படும். அவளைத் தாங்குவதே அந்த மருந்துதான். வேறொரு மருத்துவமனையில் "உடனே எடுத்துவிடலாம்" என்றார்களாமே, எதற்காக எடுக்கிறார்கள், ஆயுளுக்கா புண்ணுக்கா என்று கேட்டுப் பார். குளிக்கும்போது கட்டியின் மேல்தோல் சிவக்கிறதா, மினுமினுக்கிறதா என்று அவளையே கவனிக்கச் சொல். அப்படித் தெரிந்தால், அது உடையும்வரை காத்திராமல் கதிர்வீச்சா அறுவையா என்று டாக்டரோடு பேசிவிடலாம்.

வரும் ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். கட்டியில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் எப்படி என்று பார்த்த ரிப்போர்ட்டுகளை எடுத்துவை. அடுத்து என்ன மருந்து என்பதை அவைதான் தீர்மானிக்கும். வசந்தாவையும் உடன் உட்கார வைத்தே பேசுவோம்.

அன்புடன்,
சரஸ்வதி