கலந்தது சரி, அளந்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஜூலையில், இங்கே தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒரு குளிர்ந்த காலை. என் பழைய பக்கி (பின்னால் சரக்குத் தட்டுள்ள டீசல் வண்டி) கிளம்பவே இல்லை. ஃபில்டரைக் கழற்றினால், உள்ளே உறைந்த நெய் மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. இரண்டு நாள் முன்புதான் டர்பனில் ஒருவரிடம் பயோடீசல் (தாவர எண்ணெய் போன்றவற்றைப் பதப்படுத்திச் செய்யும் எரிபொருள்) கலந்த டீசல் நிரப்பியிருந்தேன். கேட்டதற்கு, "அளவு பார்த்துத்தானே கலந்தோம்!" என்றார்.

லிட்டர் கணக்கு மட்டும் போதுமா? 40 டிகிரியில் டீசலின் பாகுத்தன்மை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மை, சுமார் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு); பயோடீசலுக்கு 3.5 முதல் 5. வடை பொரித்த எண்ணெயை அப்படியே வடிகட்டி ஊற்றினால் 30-ஐத் தாண்டும். எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் பனிப்புகையாக வர வேண்டியது சொட்டுச் சொட்டாக விழும், அப்புறம் கரிதான். குளிரில் இந்த எண் இன்னும் எகிறும். அடர்த்தி மாறினாலும் வம்புதான், பம்ப் கன அளவில்தானே தள்ளுகிறது.

பாகுத்தன்மையை அளக்க வேண்டியது ஒரு கண்ணாடிக் குழாயும், வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியும், ஸ்டாப்வாட்சும்தான். விற்பவர்கள் ரசீதில் 40 டிகிரி பாகுத்தன்மையையும், எந்தக் குளிரில் கலங்கத் தொடங்கும் என்பதையும் எழுதித் தரட்டும். விலையை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே!

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்