பாப்பாவுக்கு, அந்த மஞ்சள் இலையைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணி பிளான்டில் கீழே நாலு இலை மஞ்சள், மேலே இருப்பதெல்லாம் துவண்டு தொங்குகிறது. "தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் வாடுதுப்பா" என்று எழுதியிருந்தாய். அந்த "தினமும்"தான் காரணமாக இருக்கும்மா.

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண்ணுக்குள் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளிகளில் உள்ள காற்றைத்தான் அது சுவாசிக்கிறது, அந்த இடமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீராகவே கிடந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். அழுகின வேர் தண்ணீரை உறிஞ்சாது. அப்புறம் சேற்றில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும், பார்க்கிற நமக்கோ தண்ணீர் பற்றவில்லை என்று தோன்றும், இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். என் முதல் செடி இப்படித்தான் போயிற்று. ஆசையாக ஊற்றி ஊற்றியே. ரொம்ப நாள் மனசு ஆறவில்லை எனக்கு, அதனால்தான் உனக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனிமேல் ஊற்றுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார். ஈரமாக இருந்தால் அப்படியே விட்டுவிடு. காய்ந்திருந்தால் தாராளமாக, அடி ஓட்டை வழியாக வடிகிற வரைக்கும் ஊற்று, கொஞ்ச நேரம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துப் பழகு. ஈரத்தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள கனம் இரண்டே வாரத்தில் கைக்குப் பிடிபட்டுவிடும். குளிரும் மேகமூட்டமுமான நாட்களில் மண் காய ரொம்ப நாள் ஆகும், வெயில் காலத்துக் கணக்கு அப்போது செல்லாது.

உன் பீங்கான் தொட்டி அழகாக இருக்கிறது, ஆனால் அதில் ஓட்டை இல்லை. அடியில் கூழாங்கல் போட்டிருக்கிறேன் என்கிறாய். நிறைய பேர் அப்படிச் செய்கிறார்கள், பலன் இல்லை. மண் முழுக்க நிரம்புகிற வரை தண்ணீர் கல்லுக்குள் சரியாக இறங்காது, கல்லுக்கு மேலே மண்ணிலேயே தங்கிவிடும். கல் போட்டதால் அந்தச் சேறு வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். ஓட்டையுள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதை இந்தப் பீங்கானுக்குள் இறக்கி வை. தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

வெளிச்சமும் இதோடு சேர்ந்ததுதான். புத்தக அலமாரி மூலையில் வைத்திருக்கிறாய். நம் கண் பழகிக்கொள்வதால் அந்த இடம் நமக்கு வெளிச்சமாகத் தெரியும், ஆனால் ஜன்னலை விட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும், மண் காயவே காயாது. ஜன்னல் பக்கமாகக் கொண்டு வா. நடுப்பகல் வெயில் மட்டும் நேராக இலைமேல் விழ வேண்டாம், கருகிவிடும்.

ஒன்று மறக்காமல் சொல்ல வேண்டும், உன் பூனைக்கு எட்டாத உயரத்தில் வை. மணி பிளான்ட் இலையில் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, கடித்தால் வாயெல்லாம் எரிந்து எச்சில் வடியும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. செடியை மண்ணோடு மெதுவாக வெளியே எடு. வெள்ளையாக, விறைப்பாக இருக்கிற வேர் நல்ல வேர். பழுப்பாகிக் கொழகொழவென்று நாறுவதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, பழைய மண்ணை உதறிவிட்டு, புது மண்ணில் கொஞ்சம் பெர்லைட் (மண்ணுக்குள் காற்று போக விடுகிற, எடையில்லாத வெள்ளைக் குருணை) கலந்து நடு. பெரிய தொட்டி வாங்கிவிடாதே, இருக்கிற வேருக்கு அளவான சின்னத் தொட்டி போதும். உரமும் இப்போது வேண்டாம், புண்பட்ட வேர் தாங்காது.

அதற்கு முன்னால், நல்ல கொடியாக இரண்டு வெட்டி வைத்துக்கொள். இலைக்காம்பு சேருகிற கணுவில் சின்னப் பழுப்பு முண்டு ஒன்று தெரியும், அங்கிருந்துதான் வேர் வரும். அந்தக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு மூழ்குகிற மாதிரி கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போடு. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்று. மூன்று நாலு வாரத்தில் வெள்ளை வேர் நீளும். தாய்ச்செடி பிழைக்காமல் போனாலும் உன் கையில் அதே செடி இருக்கும்.

கண்ணாடிக் குவளையில் போடச் சொல்வது வேறொன்றுக்காகவும்தான். வேர் வருவதைத் தினமும் நீ பார்க்கலாம், அந்தப் படங்களை எனக்கும் அனுப்பலாம். இன்றைக்குத் தொட்டியிலிருந்து செடியை எடுத்துப் பார்த்துவிட்டு வேர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று எழுது, எந்நேரமானாலும் பரவாயில்லை, விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா