பேராலய வளாகத் திட்டத்திற்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவில் அன்புமிக்க சகோதர சகோதரிகளே, நகர மக்களே,

நம் பேராலய வளாகத்தைச் சீரமைக்கும் திட்டம் ஆயரின் ஒப்புதல் பெற்று, நகர நிர்வாகத்தின் பரிசீலனைக்குச் சென்றிருக்கிறது. இந்தத் திட்டம் உருவாக உழைத்தவர்களில் பலர் தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே செய்ததை மட்டும் சொல்லி நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி எங்களை எதிர்த்தவர்களுக்கு. தொடக்க வரைவு ஒன்றில், ஆலய முற்றத்தின் பாதியில் அடுக்குமாடிக் கட்டடம் எழுவதாக இருந்தது. நகரின் நடுவே நிலத்தின் மதிப்பு அத்தகையது. கூரையைப் பழுதுபார்க்க நிலையான வருமானம் வேண்டும் என்பதும் உண்மை. பங்குக் கூட்டத்தில் ஒரு மூதாட்டி எழுந்து, "அப்படியானால் பவனி எந்த வழியாகச் சுற்றி வரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி திட்டத்தையே திருப்பிப் போட்டது. பழமையான சின்னத்தை அதன் சூழலிலிருந்து பிரிக்க முடியாது என்று, பழைய சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய பன்னாட்டு ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்வதை அன்று அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். இப்போது முற்றம் முழுமையாகத் திறந்தே இருக்கும். புதிய கட்டடம் ஆலயத்துக்குப் பின்னால், கூரை விளிம்பைத் தாண்டாத உயரத்தில் அமையும்.

நிலத்தடி வாகன நிறுத்தம் வேண்டாம் என்று ஆய்வறிக்கை தந்த பொறியாளருக்கு எப்படி நன்றி சொல்வது! நம் ஆலயம் மரத்தூண்களின் மேல் நிற்கிறது. நீரில் மூழ்கியிருக்கும் வரை அத்தகைய தூண்கள் நூற்றாண்டுகள் தாங்கும். அருகே ஆழமாகத் தோண்டி நீரை இறைத்தால் நீர்மட்டம் இறங்கும், தூணின் தலைப்பகுதியில் காற்றுப் படும், பூஞ்சை பற்றி மரம் உளுத்துப்போகும். சுவரில் விரிசல் தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதை எங்களுக்குப் புரியும் வரை பொறுமையாக விளக்கினார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

கல்தச்சருக்கும் அதே அளவு கடன்பட்டிருக்கிறோம். மணிக்கூண்டின் அடியில் கற்களின் முகம் ஏன் உதிர்கிறது என்று காட்டியவர் அவர்தான். முந்தைய பழுதுபார்ப்பில் மூட்டுகளைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. வழியில்லாத ஈரம் கல்லுக்குள் புகுந்து, உப்பைப் படியவைத்து, மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். இனி எல்லா மூட்டுகளுக்கும் சுண்ணாம்புச் சாந்துதான் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டோம்.

பாரிஸின் நோத்ர்தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்ததையும், சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அது நேர்ந்ததையும் நினைவூட்டிய தீயணைப்பு அதிகாரி, கூரையருகே பற்றவைப்பு போன்ற எவ்விதத் தீப்பணியும் கண்காணிப்பின்றி நடக்கக் கூடாது என்ற விதியை வரைந்து தந்தார். கலை, வரலாற்று மதிப்புள்ள உடைமைகளைத் திருப்பீடத்தின் (வத்திக்கான் தலைமையின்) அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது என்ற திருச்சபைச் சட்டத்தின் 1292ஆம் பிரிவை எடுத்துக்காட்டிய அருட்தந்தை, பழைய பீடத்தையும் திருப்பண்டங்களையும் பற்றிய ஒரு நீண்ட வாக்குவாதத்தை முடித்துவைத்தார். ஆவண அறையில் தூசியோடு போராடிப் பழைய வரைபடங்களை மீட்ட அருட்சகோதரிகளுக்கும் என் வணக்கம்.

புதியதும் பழையதும் சேர்ந்து நிற்க முடியுமா என்று நாங்கள் தயங்கியபோது, ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவை எடுத்துச் சொன்னார் ஓர் இளம் கட்டடக் கலைஞர். அங்கே 1996இல் தீக்கிரையான புனித பேட்ரிக் பேராலயம் மீட்கப்பட்டது. அதன் அருகிலேயே 2003இல் புதிய ஆலயம் எழுந்தது. எங்கள் குழுவுக்குத் துணிவு தந்த எடுத்துக்காட்டு அது.

ஆலயப் படிகளில் இரவு தங்குபவர்களை எந்தக் குழுவும் அழைத்துக் கேட்டதில்லை. இம்முறை கேட்டோம். எந்த மூலையில் விளக்கு வேண்டும், கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னபடியே வரைபடம் மாறியது. திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

வரைபடங்கள் பங்குக் கூடத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. குறை தெரிந்தால் அருகில் உள்ள பதிவேட்டில் எழுதுங்கள். நகர நிர்வாகத்தின் முடிவு வரும் முன் ஒவ்வொன்றையும் குழு படித்துப் பதில் தரும்.

நன்றியுடன்,
திட்டக்குழுச் செயலர்