சாயத் தண்ணீரும் சமூகப் பொறுப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜவுளி நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு என்ற பெயரில் மரம் நடுகின்றன, பள்ளிக்குக் கட்டடம் கட்டித் தருகின்றன. நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டுவிட்டு, அதே ஆற்றங்கரையில் மரம் நட்டு என்ன பயன்?

2013-இல் வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் தையல் தொழிலாளர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

நன்கொடை அப்புறம் இருக்கட்டும். சுத்திகரிப்புச் செலவும் நியாயமான கூலியும் பாதுகாப்பான கட்டடமும் துணியின் விலையிலேயே சேர வேண்டும். ஆர்டர் கொடுக்கும் பெரிய பிராண்டுகள் அந்த விலையைப் பேரம் பேசாமல் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்